இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

வெர்லின் ஹவுக்ஸ்டாட்டிடம் நான்கு துப்பாக்கிகள் இருந்தன. ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை காப்பிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், நான்கையும் அண்ணன் மகன்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. கோபத்தில் கொடுத்தார்.

கோபம் டாக்டர் மேல். மார்ச்சில் வலது தோளை அறுத்துத் தைத்த அந்த மனிதர், ஜூலையில் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இனி இந்தத் தோளில் துப்பாக்கிக் கட்டையை வைக்கக் கூடாது, சுடும்போது அது உதைக்கும் ஒரே ஒரு உதை போதும், தைத்ததெல்லாம் பிய்ந்துவிடும் என்று சொல்லியிருந்தார். டாக்டர் மேல் உள்ள கோபத்தை டாக்டரிடம் காட்ட முடியாது. அதனால் வெர்லின் அதைத் தன் துப்பாக்கி அலமாரியிடம் காட்டினார். சாயங்காலமே புத்தி வந்துவிட்டது. ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வாய் வருமா? அறுபத்தொரு வயதில் அதற்கு வேறு தொண்டை வேண்டும்.

அந்தக் கோடை முழுக்க அவர் மனைவி ஆர்லிஸுக்கு வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை. அவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலைத் தாங்குவார். சமையலறையில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு கணவனைத் தாங்க முடியவில்லை.

ஆகஸ்டில் ஆர்லிஸின் அண்ணன் லோவெல் காப்பி குடிக்க வந்தார். டிசம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டை தொடங்கும். லோவெலின் ஓடைக்காட்டில் ஆறு பேர் சேர்ந்து போவார்கள். மூன்று பேர் காட்டுக்குள் நடந்து மானைக் கிளப்புவார்கள், மூன்று பேர் வெளியே இடம் பிடித்து நிற்பார்கள். ஓடை வளையும் இடம் வெர்லினுடையது. கல்யாணமான வருஷத்திலிருந்து முப்பத்தெட்டு டிசம்பர் அங்கேதான் நின்றிருக்கிறார்.

"இந்த வருஷம் ஓடை வளைவுல என் மருமகனை நிறுத்தலாம்னு இருக்கேன்," என்றார் லோவெல், காப்பியை ஊதிக்கொண்டே. "நீ வீட்ல இருந்து கறியும் பீன்ஸும் போட்டு சில்லி கிண்டு. நல்லாத்தான் கிண்டுவ."

"நான் செத்துப் போயிட்டேனா?"

"தோள் செத்துப் போச்சுல்ல, மாப்ளே."

"இன்னொரு தோள் இருக்கு."

லோவெல் சிரித்தார். லோவெலின் கொட்டகைச் சுவரில் சட்டைத் துணித் துண்டுகள் வரிசையாக ஆணியடித்துத் தொங்கும். மானைக் குறி தவறியவனின் சட்டை வாலை அன்று சாயங்காலமே எல்லோரும் சேர்ந்து கத்தரித்து, பெயரும் வருஷமும் எழுதி அங்கே மாட்டிவிடுவார்கள். இருப்பது பதினான்கு. அதில் ஒன்பது வெர்லினுடையது. ஆர்லிஸ் தைத்துத் தைத்து அலுத்துப்போன சட்டைகள் அவை.

"வலது தோள்லயே ஒன்பது வால் போச்சு," என்றார் லோவெல். "சும்மா தமாஷுக்குச் சொல்லல. காட்டுக்குள்ள ஆளுங்க நடக்குறாங்க. க்ளெட்டஸ் வண்டியை மறந்துட்டியா?"

யார் மறப்பார்கள்? பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஃபெசன்ட் காட்டுச் சேவலைத் துரத்தி இடப்பக்கமாகக் குழலைச் சுழற்றியபோது, பக்கத்து வீட்டு க்ளெட்டஸின் வண்டிக் கதவில் பாதி ரவையை இறக்கிவிட்டார் வெர்லின். வண்டிக்குள் யாரும் இல்லை. க்ளெட்டஸ் அந்தக் கதவுக்கு இன்றுவரை வண்ணம் அடிக்கவில்லை, வேண்டுமென்றே.

"சரி, ஒண்ணு செய்வோம்," என்றார் லோவெல். "அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை ஃபெசன்ட் வேட்டை தொடங்குதுல்ல? எங்ககூட வா. இடது தோள்ல வச்சு ஒரே ஒரு சேவலை விழவை. ஓடை வளைவு உனக்கு. விழலன்னா கரண்டி உனக்கு. நியாயந்தான?"

வெர்லின் எழுந்து உள்ளே போய்விட்டார். ஆனால் மறுநாள் காலை குளித்து, சவரம் செய்து, வண்டிச் சாவியை எடுத்து ஆர்லிஸின் கையில் கொடுத்தார். ஆர்லிஸுக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது.

துப்பாக்கிக் கடையில் ஜோலின் ப்ரஷேக் இருந்தாள். கடை அவள் அப்பாவினுடையது. அப்பா இப்போது மீன் பிடிக்கப் போகிறார், அவள் கடையைப் பார்க்கிறாள். முப்பத்தைந்து வயதுக்குள் அந்த மாவட்டத்து ஆண்கள் பாதிப் பேரின் வீம்பை அவள் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது.

"பன்னிரண்டு கேஜ் பம்ப்," என்றார் வெர்லின். "இடது கைக்காரனுக்கு."

"எதைச் சுட?"

"எல்லாத்தையும். செப்டம்பர்ல அணில். அப்புறம் முயல், வாத்து, ஃபெசன்ட். டிசம்பர்ல மான். ஏப்ரல்ல வான்கோழி. ஒரே துப்பாக்கி."

"ஒண்ணுக்கு மேல வாங்கிக் குடுக்க மாட்டேன்னுட்டேன்," என்றார் ஆர்லிஸ். "நாலு இருந்துச்சு, நாலையும் தூக்கிக் குடுத்துட்டாரு தரும பிரபு."

ஜோலின் வெர்லினின் வலது தோளைப் பார்த்தாள். "பம்ப் இழுக்கணும்னா இனி வலது கைதான் இழுக்கணும். ஒவ்வொரு குண்டுக்கும். அந்தத் தோளால முடியுமா?"

வெர்லின் காற்றில் இழுத்துக் காட்டினார். இரண்டாவது இழுப்பில் முகம் சுண்டிப்போனது.

"அப்ப தானா அடுத்த தோட்டாவை ஏத்திக்கிற துப்பாக்கிதான் சரி. அது உதைக்கிற உதையில பாதியைத் தானே முழுங்கிடும். எடையும் குறைவா வேணும், இல்லன்னா பத்து மணிக்கே கை கீழ வந்துடும்." அவள் உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். "இது தவறி வந்த சரக்கு. இடது கைத் துப்பாக்கி, காலித் தோட்டா இடப்பக்கமா வெளிய போகும். ரெண்டு வருஷமா யாரும் தொடல. இருபது கேஜ்."

வெர்லின் ஒரு அடி பின்னால் போனார். அந்த ஊரில் இருபது கேஜ் என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுப்பது. பன்னிரண்டு கேஜின் குழல் பெரிது, தோட்டா பெரிது, அதைத் தூக்குகிறவனும் பெரியவன் என்பது அங்கே எழுதாத சட்டம். ஆணுக்கு அழகு தோள் வலி என்று நம்புகிற ஊர் அது. இந்த மடத்தனத்தை எத்தனை தோள்கள் அனுபவித்திருக்கின்றன என்று அந்த டாக்டரைக் கேட்டால் சொல்வார்.

"இதை எடுத்துட்டுப் போனா லோவெல் என்னைத் தூக்கி வச்சுத் தாலாட்டுவான்," என்றார்.

"மானுக்கு ஒத்தைக் குண்டு இதுலயும் போகும், நூறு கஜத்துக்கு நிம்மதியா. அதுக்குத் தனியா ஒரு குழல் இருக்கு, உள்ள வரி போட்டது, மாட்டிக்கலாம். பறவைக்கு இந்தக் குழல். முனையில திருகிப் போடுற வளையம் மூணு தர்றேன். முயலுக்கு அகலமானது, ஃபெசன்ட்டுக்கு நடுவாந்தரம், வான்கோழிக்கு இறுக்கமானது. வாத்துக்குப் போறப்ப எஃகு ரவை மறந்துடாதீங்க, இறுக்கமான வளையத்துல அதைப் போட்டுச் சுட்டுடாதீங்க. அவ்வளவுதான். துப்பாக்கி ஒண்ணு, வேலை ஆறு."

"என்னமோ எனக்கு..."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துடலாம்," என்றாள் ஜோலின். "ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க, முடிஞ்ச வரைக்கும். விரலைச் சேர்த்து நடுவுல ஒரு ஓட்டை விடுங்க. ரெண்டு கண்ணையும் திறந்து வச்சு, அந்த ஓட்டை வழியா என் மூக்கைப் பாருங்க."

வெர்லின் இதென்ன குழந்தை விளையாட்டு என்ற முகத்தோடு செய்தார். ஜோலின் எதிரே நின்று ஓட்டையை உற்றுப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா எந்தத் தோள்ல வச்சுச் சுட்டீங்க?"

"வலதுல."

"எந்தக் கண்ணை மூடுவீங்க?"

"இடதை. எல்லாரும் அப்படித்தானே?"

"ஓட்டைல எனக்குத் தெரியுறது உங்க இடது கண்ணு. நீங்க என்னைப் பார்க்குறது அதாலதான். உங்களுக்குக் குறி பார்க்குற கண்ணு இடது, மிஸ்டர் ஹவுக்ஸ்டாட். அதை மூடிக்கிட்டுத்தான் இத்தனை நாளும் சுட்டிருக்கீங்க."

ஆர்லிஸ் முதலில் சிரித்தார். கவுன்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொட்டகைச் சுவரில் தொங்கும் ஒன்பது துணித் துண்டுகளும் அவர் கண் முன்னால் வந்து நின்றன. பிறகு கணவனின் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

வெர்லின் கைகளை இறக்கவே இல்லை. பன்னிரண்டு வயதில் முதன்முதலாகத் துப்பாக்கியைக் கையில் வாங்கியபோது அவர் அதை இடது தோளில்தான் வைத்தார். அப்பா அதைப் பிடுங்கி வலதில் வைத்து, இடது கண்ணை மூடு என்றார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. அதற்கப்புறம் தவறிய ஒவ்வொரு பறவைக்கும் அப்பா குருடன் என்று திட்டினார், மற்றவர்கள் சிரித்தார்கள், வெர்லினும் கூடச் சேர்ந்து சிரிக்கக் கற்றுக்கொண்டார். தன் கை நடுங்குகிற கை என்றும், தன் குறி பொல்லாத குறி என்றும் நாற்பத்தொன்பது வருஷமாக நம்பிவிட்டார். இப்போது செத்துப்போன அப்பா மேல் வந்த கோபம், கழுத்துவரை வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. கொடுத்துத் தீர்க்க அலமாரியிலும் ஒன்றும் இல்லை.

"அதை எடு," என்றார் ஜோலினிடம். "அந்தச் சின்னப் பிள்ளைத் துப்பாக்கியை எடு."

கதை இங்கேயே நல்லபடியாக முடிந்துவிடும் என்று நினைத்தவர் வெர்லின் மட்டும்தான். மறுநாள் கொட்டகைக்குப் பின்னால் நின்றார். ஆர்லிஸ் கைவீச்சுக் கருவியால் களிமண் தட்டுகளை வானத்தில் வீசினார். பேருந்துக்கு முன்னும் பின்னும், காலையில் பத்து, மாலையில் பதினைந்து. முதல் வாரம் ஒன்றுகூட உடையவில்லை. தட்டுகள் பத்திரமாகப் புல்லில் போய் இறங்கின. ஆர்லிஸ் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து திரும்பவும் வீசினார்.

"துப்பாக்கி சரியில்ல," என்றார் வெர்லின்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. இரு, என்னைப் பாத்துச் சுடுற மாதிரி காலித் துப்பாக்கியைத் தூக்கு."

"உன்னையா? நல்லா இருக்குடி. காலியோ நிறைஞ்சதோ, ஆளைப் பாத்துத் தூக்குறதில்ல."

"சரி, என் பக்கத்துல அந்த வேலிக் கம்பத்தைப் பாத்துத் தூக்கு." ஆர்லிஸ் பக்கவாட்டில் வந்து நின்று முகத்தைக் கவனித்தார். கட்டை கன்னத்தைத் தொட்டதும் வெர்லினின் இடது கண் டக்கென்று மூடிக்கொண்டது. "அடக் கடவுளே. இன்னும் அதே கண்ணைத்தான் மூடுற. இருக்குற நல்ல கண்ணையும் மூடிட்டு எதைப் பார்க்குற நீ?"

"நான் மூடலை. அதுவே மூடிக்குது."

அன்று இரவு ஆர்லிஸ் வெர்லினின் மூக்குக் கண்ணாடியில் வலப்பக்கத்தை மட்டும் கறுப்பு நாடா ஒட்டி மூடினார். இனி இடது கண்ணை மூடினால் உலகமே இருட்டு. மறுநாள் வெர்லின் கட்டையைக் கன்னத்தில் வைத்தார், கண் மூடியது, ஒன்றும் தெரியாமல் தடுமாறி, "ஏய்!" என்று கத்தினார். ஆர்லிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். நான்காம் நாள் ஒரு தட்டு உடைந்தது. ஆர்லிஸ் ஒரு சில்லைப் பொறுக்கி வந்து வெர்லினின் சட்டைப் பையில் போட்டார். அக்டோபர் பத்தாம் தேதிக்குள் இருபத்தைந்தில் பதினொன்று. இருபதாம் தேதி ஆர்லிஸ் நாடாவை உரித்துவிட்டார். இப்போது கட்டை கன்னத்தைத் தொட்டாலும் இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன. வெர்லின் அவசரப்பட்டால் மட்டும் இடது இமை லேசாகத் துடிக்கும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்பே எல்லோரும் லோவெலின் வயல் ஓரத்தில் இருந்தார்கள். லோவெல், க்ளெட்டஸ், லோவெலின் மருமகன், வெர்லின். எல்லோருடைய தலையிலும் ஆரஞ்சுத் தொப்பி. லோவெலின் லாப்ரடார் நாய் பிக்ஸி வாலால் எல்லோர் முழங்காலையும் அடித்துக்கொண்டிருந்தது.

வெர்லின் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்தார்.

"அழகா இருக்கே," என்றார் க்ளெட்டஸ். "இதுகூடச் சேர்த்து மிட்டாயும் குடுத்தாங்களா?"

"பாத்துப் பிடி மாப்ளே, காத்துல பறந்துடப் போகுது," என்றார் லோவெல்.

"பேசி முடிச்சிட்டீங்களா? மணி எட்டாச்சு," என்றார் வெர்லின்.

வரிசை கட்டி நடந்தார்கள். எப்போதும்போல லோவெல் வெர்லினுக்கு இடப்பக்கம், மருமகன் வலப்பக்கம், க்ளெட்டஸ் தூரத்தில் அந்தக் கோடியில், மனிதனுக்குத் தன் வண்டி எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டும் தூரத்தில். அறுவடையான சோளத் தட்டைகள் காலில் நொறுங்கின. முதல் வயலில் ஒரு பறவை வெர்லினின் காலடியிலேயே சடசடவென்று எழுந்தது. துப்பாக்கி தோளுக்குப் போனது. ஆனால் பழுப்பு நிறம், குட்டை வால். பெட்டை. பெட்டையைச் சுடக் கூடாது. வெர்லின் குழலை இறக்கினார். பழைய வெர்லினாக இருந்தால் சுட்டுவிட்டு, தவறிப்போனதற்கு நன்றி சொல்லியிருப்பார்.

பதினோரு மணிக்கு ஒரு சேவல் எழுந்தது. இரண்டு தோட்டா, இரண்டும் பின்னால் போயின. அவசரம். இமை துடித்தது அவருக்கே தெரிந்தது. லோவெல் குனிந்து நாயைத் தடவிக்கொடுத்தார், அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. மதியத்துக்குள் லோவெலுக்கு இரண்டு சேவல், மருமகனுக்கு ஒன்று. க்ளெட்டஸுக்கும் ஒன்று. வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து ஹாம் சாண்ட்விச் தின்றார்கள். வெர்லினுக்கு இறங்கவில்லை. இடது தோள் வலிக்கவில்லை, கை சோரவில்லை, துப்பாக்கிமேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. இந்த முறை குறை சொல்ல எதுவுமே மிச்சமில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

நாலரை மணிக்கு வேட்டை நேரம் முடியும். நாலேகாலுக்குக் கடைசிப் புல்வெளிக்குள் இறங்கினார்கள். இடுப்புயரப் புல், சரிவாகக் கிடந்த வெயில். பிக்ஸி திடீரென்று மூக்கைத் தரையில் வைத்து வளைந்து வளைந்து ஓடியது.

சேவல் எழுந்தது. நீண்ட வால், வெள்ளைக் கழுத்து வளையம், செம்பு நிற மார்பு, தொண்டை கிழியும் கத்தல். இருபது கஜம்கூட இருக்காது. துப்பாக்கி தானாகத் தோளில் போய் உட்கார்ந்தது, கட்டை கன்னத்தைத் தொட்டது, இரண்டு கண்ணும் திறந்திருந்தன. இவ்வளவு தெளிவாக ஒரு பறவையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. கண்ணும் குழலும் பறவையும் ஒரே கோட்டில் வந்தன. விரல் விசையைத் தொட்டது. இது விழும் என்று அவருக்குத் தெரிந்தது.

சேவல் மேலே போகவில்லை. தாழ்ந்து, இடப்பக்கம் திரும்பியது. குழலும் கூடவே திரும்பியது. அப்போது பறவைக்கு அடியில், புல்லுக்கு மேலே, ஒரு ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

வெர்லின் குழலை வானத்துக்குத் தூக்கிவிட்டார். சேவல் லோவெலின் தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில் பறந்து, ஓடையைத் தாண்டி, பக்கத்துப் பண்ணைக்குள் போய் மறைந்தது. எங்கோ க்ளெட்டஸ், "சுடுடா!" என்று கத்தியது கேட்டது.

மணி நாலு இருபத்தெட்டு. வெர்லின் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பைக்குள் போட்டார். ஓடை வளைவு போய்விட்டது. அழுகை வருகிற மாதிரி இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து நின்றது. முடியாமல் விட்ட பறவைகள் வாழ்நாள் முழுக்க. முடிந்தும் விட்டது இதுதான் முதல் தடவை.

லோவெல் புல்லை விலக்கிக்கொண்டு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ஏன் சுடல?"

"உன் தொப்பி தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதா?"

"ஏன் தெரியாது? ரெண்டு கண்ணும் திறந்துதான இருக்கு."

லோவெல் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டார். "டிசம்பர்ல ஓடை வளைவுக்கு ஆறு மணிக்கெல்லாம் வந்து நின்னுடு. லேட்டா வந்தா மருமகனுக்குக் குடுத்துடுவேன்."

"சேவல் விழலையே. அதுதான பேச்சு?"

"சேவல் யாருக்குடா வேணும்? காட்டுக்குள்ள நடக்குறவன் சாயங்காலம் வீடு திரும்பணும். உன்னை நம்பி ஆளை அனுப்பலாமான்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சுடுச்சு."

லோவெல் திரும்பி நடக்கத் தொடங்கினார். வெர்லின் அசையவில்லை. அவருக்கு ஒரு விஷயம் இப்போதுதான் உறைத்தது. முப்பத்தெட்டு வருஷம் இந்த வயல்களில் நடந்திருக்கிறார். இடது கண்ணை மூடிக்கொண்டு, குழலை இடப்பக்கம் சுழற்றிச் சுழற்றிச் சுட்டிருக்கிறார். எந்த வருஷம் நினைத்துப் பார்த்தாலும் அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே ஆள்தான்.

"லோவெல். நீ ஏன் எப்பவும் எனக்கு இடது பக்கமே நடக்குற?"

லோவெல் நின்றார். "க்ளெட்டஸ் மாட்டேன்னுட்டான். சின்னப் பசங்களை அங்க விட எனக்கு மனசு வரல. யாராவது நடக்கணும்ல? நீ சுடுறப்ப அந்தப் பக்கம் பார்க்க மாட்டன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான்."

"சொல்லியிருந்தா நீ வர்றதையே நிறுத்தியிருப்ப," என்றார் லோவெல்.